திருப்பித் தருவது தானமாகுமா?

சமுதாயத்திடமிருந்து பெற்றதைச் சமுதாயத்திற்கே திருப்பித் தருகிறோம் என்னும் வாசகத்தைப் பெருந்தொழில் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும், அவை கட்டித் தந்த வகுப்பறைகளின் முகப்பிலும், வழங்கிய மருத்துவ ஊர்திகளின் பக்கங்களிலும் இந்நாளில் காண்கிறோம். செவிக்கு இனிய வாசகமே. ஆயினும் சற்று நின்று எண்ணிப் பார்ப்போர்க்கு அதனுள் ஒரு வினா இருப்பது புலப்படும். ஒருவர் எதனைத் திருப்பித் தர இயலும்? தாம் முன்னர் எடுத்துக்கொண்டதை மட்டுமே. கடன் வாங்கியவர் திருப்பித் தருகிறார்; இரவல் பெற்றவர் திருப்பித் தருகிறார். அவர்களை நாணயமானவர்கள் என்று மதிக்கிறோம். வள்ளல்கள் என்று போற்றுவதில்லை. அங்ஙனமாயின் வணிக நிறுவனங்கள் திருப்பித் தருவது தானமா, கடனா?

இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிடல் ஆகாது. தமிழகத்துச் சமணருள் பெரும்பாலோர் உழுதுண்டு வாழ்ந்தவராயினும், பாரத நாட்டுச் சமணச் சமுதாயம் தொன்றுதொட்டு வாணிகத்தோடும் தானத்தோடும் பிணைந்தது. நம் சிற்றூர்களில் பழுதுற்று நிற்கும் ஜினாலயங்களுக்கும், பிள்ளைகளின் கல்விக்கும் பொருள் தேவைப்படுகிறது. கேட்டால் தரக்கூடிய நிறுவனங்களும் உள்ளன. ஆதலின் யாரிடம் பெறுவது, எவ்வாறு பெறுவது, பெற்றபின் அதற்கு என்ன பெயர் சூட்டுவது என்பன நம் அறக்கட்டளைகள் ஒவ்வொன்றும் எதிர்கொள்ளும் வினாக்களாகும்.

கல்லிற் பொறித்த வணிகர்

வணிகர் ஒன்றுகூடி அறம் செய்வது நம் மண்ணில் புதிய வழக்கமன்று. மதுரையை அடுத்த மாங்குளம் மலைக் குகையில் சமண முனிவர்க்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தி தமிழ்ப் பிராமி எழுத்துகளில் வெட்டப்பட்டுள்ளது. காலம் ஏறத்தாழக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பர் அறிஞர். அங்குக் கொடையளித்தோருள் வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தாரும் உளர். நிகமம் என்பது வணிகர் குழு. இன்று நாம் நிறுவனக் கொடை என்று கூறுவதன் மிகத் தொன்மையான தமிழ்ச் சான்றுகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம்.

அதற்குச் சற்றுப் பிற்பட்ட அழகர்மலைக் கல்வெட்டுகள் மேலும் சுவையானவை. அங்குக் கற்படுக்கை அமைக்க உதவிய மதுரை மாந்தர் தம் பெயரோடு தம் தொழிலையும் குறித்துச் சென்றுள்ளனர். உப்பு வணிகர் ஒருவர், அறுவை எனப்படும் துணி விற்பவர் ஒருவர், கொழு விற்பவர் ஒருவர், பாணிதம் என்னும் வெல்லப்பாகு விற்பவர் ஒருவர் என அவ்வரிசை செல்கிறது. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையிலும் பொன் வணிகரையும் எண்ணெய் வணிகரையும் காண்கிறோம்.

இதனை ஊன்றி நோக்க வேண்டும். பெயரைப் பொறித்தது புகழாசையால் என்று சிலர் கூறலாம். ஆனால் அவர்கள் பெயரோடு நிற்கவில்லை. எதை விற்று ஈட்டிய பொருள் இது என்பதையும் எல்லாரும் அறியக் கல்லில் எழுதினர். அப்படுக்கையில் அமர்ந்து தவம் செய்த முனிவரும், அவரை வணங்க வந்த ஊராரும், உப்பு விற்ற பொருளால் அமைந்தது இது என்று அறிந்திருந்தனர். இன்றைய சலவைக்கல் பலகைகளில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக உள்ளது. அதன் சின்னமும் உள்ளது. தொழில் மட்டும் இல்லை.

அரசு வகுத்த விதி

நம் நாட்டில் இக்கொடை இன்று சட்டத்தின் வழிப்பட்டது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் 135-ஆம் பிரிவு இதற்கென அமைந்தது. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், அல்லது நிகர இலாபம் 5 கோடி ரூபாய், இவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது அச்சட்டம் இயற்றப்பட்டபோது வகுத்த நெறி. தொடக்கத்தில், செலவிடத் தவறிய நிறுவனம் காரணம் கூறினால் போதும் என்றிருந்தது. 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், செலவிடாத தொகையைத் தனிக் கணக்கிலோ அரசு குறித்த நிதியிலோ செலுத்த வேண்டும் என்றும், தவறினால் அபராதம் என்றும் இறுக்கின.

எவ்வெப் பணிகள் தகும் என்பதை அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணை கூறுகிறது. பசி நீக்கம், மருத்துவம், கல்வி, ஆதரவற்றோர்க்கும் முதியோர்க்கும் இல்லங்கள், விலங்கு நலம் ஆகியன அதில் உள்ளன. நம் ஆசாரியர்கள் போற்றிய உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களின் சாயலை அதில் காண்பது அரிதன்று. வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்களைப் புதுப்பித்தலும் அதில் உண்டு. ஆதலின் பழம்பெரும் ஜினாலயங்களையும் சமணப் பள்ளிகளையும் காப்பதற்கு நம்மவர் நிறுவனங்களை அணுகுவதில் குற்றமில்லை.

அதே சட்டத்தின் விதிகள் எவையெவை கணக்கில் சேரா என்பதையும் கூறுகின்றன. தம் ஊழியர்க்கு மட்டும் பயன்படுபவை சேரா. அரசியல் கட்சிகளுக்குத் தந்தவை சேரா. தம் சரக்கை விளம்பரப்படுத்திக்கொள்ளும் நோக்கத்துடன் நிகழ்ச்சிகளுக்கு ஆதரவளித்தல் சேராது. எல்லாவற்றினும் முதன்மையானது மற்றொன்று: வேறொரு சட்டத்தின்படி செய்தே தீர வேண்டியதைச் செய்துவிட்டு, அதனைச் சமூகப் பணி என்று கணக்குக் காட்ட இயலாது. கழிவு நீரைத் தூய்மை செய்ய வேண்டுவது ஆலையின் கடமையாயின், அதற்கு ஆன செலவை நன்கொடை வரிசையில் எழுதக் கூடாது. சட்டம் எழுதியோர் கடனையும் கொடையையும் பிரித்துக் காண முயன்றுள்ளனர் என்பதற்கு இது சான்று.

கடன், கடமை, தானம்

இம்மூன்று சொற்களையும் தெளிவாகப் பிரித்துக்கொண்டால் நம் வினாவிற்கு விடை காணும் வழி எளிதாகும்.

பிறர்க்கு நாம் விளைத்த இழப்பை ஈடு செய்தல் கடன். அதைச் செய்தவர்க்குப் புகழில்லை. செய்யாதவர்க்குப் பழி உண்டு. சட்டமும் சமுதாயமும் விதித்ததைக் குறைவறச் செய்தல் கடமை. 2 விழுக்காட்டுச் செலவு இவ்வகையைச் சார்ந்தது. தமக்கே உரியதாக, அறவழியில் வந்த பொருளைத் தாமாக முன்வந்து, பெறுவோர்க்கும் தமக்கும் நன்மை உண்டாக விட்டுக்கொடுத்தல் தானம்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் தானத்திற்கு இலக்கணம் கூறுகையில், கொடுக்கப்படும் பொருள் கொடுப்பவருடையதாக இருத்தல் வேண்டும் என்பதை உள்ளடக்கியே கூறியுள்ளார். கோயில் தர்மகர்த்தா ஒருவர் கோயில் களஞ்சியத்து நெல்லை ஏழையர்க்கு அளந்து கொடுக்கிறார் என்போம். அளவு குறையாமல், ஆள் பார்த்துக் குறைக்காமல் கொடுத்தால் அவர் நேர்மையாளர். ஆனால் அந்நெல்லுக்கு அவர் கொடையாளி ஆகமாட்டார். ஒரு நிறுவனத்தின் இயக்குநரும் அத்தகையவரே. அவர் வழங்குவது பல்லாயிரம் பங்குதாரர்களின் பொருள். வழங்குமாறு பணிப்பது சட்டம். அதனைச் செவ்வனே செய்தல் பாராட்டத்தக்கது. எனினும் அதனைத் தானம் என்று அழைப்பது சொல்லுக்கு இழைக்கும் பிழை.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க, உரிமையாளர் தம்முடையதையே கொடுத்த சான்றுகளும் உள்ளன. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் புதல்வர் இருவரின் செல்வத்தால் அமைந்த அறக்கட்டளைகள் 1919-இலும் 1932-இலும் தோன்றின. இன்று டாட்டா குழுமத்தின் தாய் நிறுவனப் பங்குகளுள் ஏறத்தாழ 66 விழுக்காடு அத்தகைய அறக்கட்டளைகளின் வசம் உள்ளது. விப்ரோ நிறுவனத்தின் அசிம் பிரேம்ஜி 2019-ஆம் ஆண்டு வரை தம் அறப்பணிக்கென ஒதுக்கியது அந்நிறுவனத்தின் பங்குகளுள் 67 விழுக்காட்டின் வருவாய். இவர்கள் இலாபத்தில் ஒரு துளியைக் கிள்ளிக் கொடுக்கவில்லை. இலாபம் பெறும் உரிமையையே விட்டுக் கொடுத்தனர். இதைத் தானம் என்னும் சொல் தாங்கும்.

பாலாறும் நொய்யலும்

கடனைத் தானம் என்று அழைப்பதால் என்ன கேடு என்று கேட்போர் நம் வட்டாரத்து ஆறுகளைப் பார்த்தல் நன்று.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டது. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிர் செய்யத் தகுதியற்றதாயிற்று என்னும் கணிப்பு அத்தீர்ப்பில் எடுத்துக் கூறப்பட்டது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. பாதிக்கப்பட்டோர்க்கான இழப்பீட்டை மதிப்பிட ஓர் ஆணையமும் அமைக்கச் செய்தது. அவ்வாறிருந்தும் 2025-ஆம் ஆண்டிலும் அதே நீதிமன்றம் அதே ஆற்றைக் குறித்து மீண்டும் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது.

தோல் தொழில் உயிர்க்கொலையோடு தொடர்புடையது, நம்மவர் அதில் இல்லை என்று சிலர் விலகிக்கொள்ளலாம். துணிக்குச் சாயம் தோய்த்தல் அத்தகையதன்று. ஆயினும் திருப்பூர்ச் சாய ஆலைக் கழிவால் நொய்யல் கெட்டு, 2011 ஜனவரியில் அவ்வாலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்ட செய்தியை நாம் மறந்திருக்கமாட்டோம்.

இத்தகைய ஓர் ஊரில், கிணறு கெட்ட பின்னர் ஆலையின் பெயரால் குடிநீர்த் தொட்டி ஒன்று கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். திறப்பு விழாவில் மாலையும் பொன்னாடையும் உண்டு. ஊர்ப் பெரியவர் எழுந்து வள்ளலே என்று வாழ்த்துகிறார். தொட்டி தேவைதான். நீரும் இனிமையாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. கடன் பட்டவர் கொடையாளியாகிறார். கடன் கொடுத்தவர் இரவலராகிறார். இரவலராகிவிட்டவர் அதன்பின் தம் கிணற்றைப் பற்றிக் கேட்க நாணுவார். கேடு இதுவே. தவறான பெயர் சூட்டியவுடன் நியாயம் கேட்கும் வாய் அடைபட்டுப் போகிறது.

பள்ளியில் இலாப நட்டக் கணக்குக் கற்பிக்கிறோம். வாங்கிய விலையை விற்ற விலையிலிருந்து கழித்தால் வருவது இலாபம் என்று பத்து வயதுப் பிள்ளை சொல்லிவிடும். வாங்கிய விலையில் ஆற்று நீரின் விலை சேர்ந்ததா என்று எந்தப் பாடநூலும் கேட்பதில்லை. சேர்க்காமல் விட்ட செலவு மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் நிலத்தில் உப்பாகப் படிந்து கிடக்கிறது.

அகமதாபாத் தரும் பாடம்

கொடையும் கூலியும் எதிரெதிரே நின்ற ஒரு வரலாறு நம் சமணக் குடும்பம் ஒன்றிலேயே நிகழ்ந்தது. 1915-இல் காந்தியடிகள் அகமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கித் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட குடும்பம் ஒன்றை அதில் சேர்த்துக்கொண்டார். அதனால் நன்கொடைகள் நின்றன. கையில் பொருளற்ற அந்நிலையில் செல்வர் ஒருவர் மோட்டார் வண்டியில் வந்து 13,000 ரூபாயை அவர் கையில் வைத்துவிட்டு, உள்ளேயும் வராமல் சென்றுவிட்டார். காந்தியடிகள் தம் வரலாற்றில் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆலை அதிபர் அம்பாலால் சாராபாயே அவர் என்பர் வரலாற்றாசிரியர். பெயர் வேண்டாத, சாதி பாராத, தக்க நேரத்துக் கொடை. தானத்தின் இலக்கணம் அத்தனையும் அதில் பொருந்தியிருந்தது.

மூன்றாண்டுகள் கழிந்தன. பிளேக் நோய்க் காலத்தில் தொழிலாளரை நிறுத்திக்கொள்ளத் தந்துவந்த மிகையூதியத்தை ஆலை அதிபர்கள் நிறுத்த முற்பட்டனர். விலைவாசி ஏறியிருந்தது. தொழிலாளர் 35 விழுக்காடு உயர்வு கேட்டனர். அதிபர்கள் 20 விழுக்காட்டிற்கு மேல் இசையவில்லை. 1918 பிப்ரவரி 22 அன்று ஆலைக் கதவுகள் அடைபட்டன. அதிபர்கள் பக்கம் முன்னின்றவர் அதே அம்பாலால். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்த சகோதரி அனசூயா பென். மார்ச் 15 அன்று காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொள்ள, மூன்று நாள்களில் உடன்பாடு ஏற்பட்டு, வழக்கு நடுவரிடம் சென்றது. நடுவரான ஆனந்த சங்கர் துருவர் இறுதியில் 35 விழுக்காடே தகும் என்று தீர்ப்புக் கூறினார்.

அம்பாலாலைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. அவர் பெருந்தன்மையாளர், காந்தியடிகளோடு அவர் கொண்ட நட்பும் அப்பூசலால் முறியவில்லை. நாம் அறிய வேண்டியது வேறு. மறைமுகமாக அள்ளிக் கொடுக்கும் கையே கூலியை உயர்த்தத் தயங்கவும் கூடும். கொடையில் மனம் விரிகிறது, ஏனெனில் அங்குக் கொடுப்பவரே அளவை முடிவு செய்கிறார். கூலியில் மனம் சுருங்குகிறது, ஏனெனில் அங்குப் பெறுபவர் உரிமையோடு கேட்கிறார். அந்த உரிமைக் குரலுக்குச் செவி கொடுப்பது ஆயிரம் தருவதினும் கடினம். தம்பியின் 13,000 ரூபாயும் அறமே. தமக்கை கேட்ட 35 விழுக்காடும் அறமே. இவற்றுள் எது முதலில் செலுத்தப்பட வேண்டியது என்பதே வினா.

விரதங்களின் வரிசை

இவ்வினாவிற்கு நம் ஆகமங்கள் நேரடியாகவே விடை கூறுகின்றன. அவ்விடை விரதங்கள் அமைந்த வரிசையிலேயே உள்ளது.

இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களை நாம் அறிவோம். அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு. தானம் எங்கு வருகிறது? பன்னிரண்டாவதாக, இறுதியில் வருகிறது. தத்துவார்த்த சூத்திரம் அதனை அதிதி சம்விபாகம் என்கிறது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும், அதனை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் வையாவிருத்தியத்தின்கண் வைக்கின்றன. பெயர் வேறுபடினும் இடம் ஒன்றே.

அதற்கு முன்னே நிற்பவை யாவை? முதல் அணுவிரதமாகிய கொல்லாமைக்குரிய அதிசாரங்களை எண்ணிப் பாருங்கள். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல் என்பவற்றோடு, தாங்கும் அளவிற்கு மேல் சுமை ஏற்றுதலும், உணவும் நீரும் கிடைக்காமல் தடுத்தலும் அவ்வரிசையில் உள்ளன. மாட்டிற்கு மட்டும் சொன்னதாக நாம் பலகாலம் படித்துவந்தோம். அளவிறந்த நேரம் வேலை வாங்குதல் சுமையன்றோ? உழைத்தவர் கூலியைக் குறைத்தல் உணவைத் தடுத்தலன்றோ? கள்ளாமைக்குரிய அதிசாரங்களுள் திருட்டுப் பொருள் வாங்குதல், அளவையிலும் நிறையிலும் ஏமாற்றுதல், கலப்படம் செய்தல், அரசின் நெறியை மீறி ஆதாயம் தேடுதல் ஆகியன அடங்கும். இவை யாவும் கடை வைத்திருப்பவர்க்கும் ஆலை நடத்துபவர்க்கும் அன்றோ கூறப்பட்டன? ஐந்தாவது அணுவிரதம் மிகுபொருள் விரும்பாமை. எனக்கு இவ்வளவு போதும் என்று முன்கூட்டியே வரையறை செய்துகொள்ளும் பரிக்கிரக பரிமாணம் அது.

எத்தொழிலை ஏற்கலாகாது என்பதையும் முன்னோர் விட்டுவிடவில்லை. சுவேதாம்பர நூலாகிய உபாசக தசாங்கத்திலும், திகம்பர நூலாகிய ஆசாதரரின் சாகார தருமாமிருதத்திலும் பதினைந்து தீத்தொழில்கள் எண்ணப்பட்டுள்ளன. காட்டை அழித்தல், தந்தம் விற்றல், நஞ்சு விற்றல், ஏரி குளங்களை வற்றச் செய்தல் என்பன அவற்றுட் சில. நீர்நிலையை அழித்து ஈட்டும் பொருளை அன்றே விலக்கிவிட்டனர்.

திருக்குறளிலும் இந்த ஒழுங்கைக் காணலாம். வள்ளுவர் வணிகரை நினைந்து அறம் கூறிய இடம் ஈகை அதிகாரம் அன்று. அதற்குப் பதினொரு அதிகாரம் முன்னதாக உள்ள நடுவு நிலைமை.

ஆக, முதலில் வருத்தாமை, பின்னர் வஞ்சியாமை, பின்னர் போதும் என்னும் வரையறை, அதன் பின்னரே தானம். மேற்படிகளை விட்டுக் கடைசிப் படியில் மட்டும் ஏறி நிற்க இயலாது. 2 விழுக்காடு என்னும் கணக்கிற்கும் பரிக்கிரக பரிமாணத்திற்கும் உள்ள வேற்றுமையும் இங்கே விளங்கும். விழுக்காட்டுக் கணக்கில், எவ்வளவு மிகுதியாக ஈட்டினாலும் 98 பங்கு நமக்கே, ஆசைக்கு எல்லையில்லை. பரிமாணக் கணக்கில், வரையறைக்கு மேல் வந்தது முதலிலிருந்தே நம்முடையதன்று.

ஒரு தடை

இவ்வாறெல்லாம் ஆராய்ந்துகொண்டிருந்தால் பள்ளி எப்போது கட்டுவது, பசித்த பிள்ளைக்குச் சோறு எங்கிருந்து வந்தால் என்ன, என்று கேட்பார் உளர். இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. தூய பொருள் வரும்வரை காத்திருப்போம் என்று கூறிப் பிள்ளையைப் பட்டினி போடுவது அகிம்சையாகாது. நம் தூய்மைக்குப் பிறர் வயிற்றை விலையாகக் கொடுக்கும் உரிமை நமக்கில்லை.

இதற்கு விடை, பொருளைப் பெறுவதும் புகழைத் தருவதும் வெவ்வேறு செயல்கள் என்று உணர்வதில் உள்ளது. பொருள் அவர்களிடம் இருக்கிறது. புகழ் நம்மிடம் இருக்கிறது. மேடை, மாலை, பட்டம், கல்வெட்டு, ஆலயத்தில் முதல் மரியாதை, இவையெல்லாம் சமுதாயத்தின் பொதுச் செல்வம். அச்செல்வத்திற்கு நம் அறக்கட்டளையினரே காவலர். கடனாக வந்ததைக் கடன் என்று சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்; பிள்ளை உண்ணட்டும். கடமையாக வந்ததற்கு நன்றி கூறி ஒப்புச்சீட்டு அளிக்கலாம். வள்ளல் என்னும் சொல்லை மட்டும் தானத்திற்கென எடுத்து வைக்க வேண்டும். ஆனால் தீங்கு இன்னும் தொடர்ந்து நிகழ, அதைப் பற்றிப் பேசாதிருப்பதற்கு விலையாக வரும் பொருளை எவ்வளவு தேவையிருப்பினும் ஏற்றல் ஆகாது. அது அன்னத்தில் கலந்த நஞ்சு.

நாம் செய்யத்தக்கன

நிறுவனங்களிடம் உதவி பெறும் நம் அறக்கட்டளைகள் கூட்டக் குறிப்பேட்டில் மூன்று வினாக்களை எழுதி, விடை கண்டபின் முடிவு செய்தல் நலம். இப்பொருள் எத்தொழிலில் வந்தது? அத்தொழிலால் ஊறுபட்டோர்க்கும் உழைத்தோர்க்கும் சேர வேண்டியது சேர்ந்ததா? இது கடனா, கடமையா, தானமா? பெயர்ப்பலகை வைக்க வேண்டுமாயின் அழகர்மலை வணிகரைப் பின்பற்றி, இன்ன தொழில் செய்யும் இன்ன நிறுவனம் சட்டப்படி செய்த பணி என்று எழுதலாம். அதில் இழிவு ஒன்றுமில்லை. அவ்வாறு எழுத இசைபவர் நாம் நம்பத்தக்கவர்.

கொடுப்போர்க்கும் ஒரு சொல். அட்சய திருதியை இந்நாளில் பொன் வாங்கும் நாளாகிவிட்டது. நமக்கோ அது இவ்வூழியின் முதல் தானம் நிகழ்ந்த நாள். நெடிய உண்ணாநோன்பிற்குப் பின் ஆதிபகவன் நகர்தோறும் சென்றபோது மக்கள் மணியும் யானையும் ஆடையும் கொணர்ந்து நீட்டினர். அன்பில் குறைவில்லை, துறவிக்கு வேண்டுவது எது என்னும் அறிவு இல்லை. அத்தினாபுரத்துச் சிரேயாம்சன் ஒருவனே பாத்திரமறிந்து கரும்புச் சாறு அளித்தான். தம்மிடம் உள்ளதையெல்லாம் ஊரார் மேல் ஏற்றாமல், ஊரார்க்கு வேண்டுவது எதுவென அவர்களையே கேட்டறிந்து தருதல் சிறப்பு. கிணறு கெட்ட ஊருக்குக் கணினி எதற்கு?

சட்டத்தின் எல்லைக்குள் வாராத சிறு கடைக்காரரும், உழவரும், ஊதியம் பெறுவோரும் நம்முள் மிகுதி. நமக்கு 135-ஆம் பிரிவு பொருந்தாது. ஐந்தாம் அணுவிரதம் பொருந்தும். ஆண்டுக் கணக்கை முடிக்கும் நாளில், கொடுத்தது எவ்வளவு என்று எழுதுமுன், எவர்க்கேனும் கூலி பாக்கி உண்டா, எடையில் குறை உண்டா, எனக்குப் போதும் என்னும் அளவு எது என்று எழுதிப் பார்ப்போமாக. அதன்பின் மிஞ்சியதைக் கொடுத்தால் அது சிறு தொகையாயினும் தானம் என்னும் பெயருக்கு உரியதாகும்.

அறம் வளர்க!